அடுப்புக்குப் பின்சுவரும் மிச்ச டைல்ஸும்

கேள்வி: 8 செப்டம்பர் 2024, காலை

அண்ணே, நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் மலிவு விலை வீட்டில் இருக்கிறோம். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் பெயிண்டு உரிந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பார்க்கச் சகிக்கவில்லை. தீபாவளிக்குள் மாற்ற வேண்டும். கையில் இருப்பது 150 வெள்ளி (ரிங்கிட்). வீட்டின் பின்புறம் பழைய டைல்ஸ் பலவிதமாகக் கிடக்கின்றன. குளியலறைக்கு வாங்கியதில் மீந்தவை சில, அக்கா வீட்டுத் தரைக்கு வாங்கியதில் மீந்தவை சில. அளவும் நிறமும் ஒன்றோடொன்று சேராது. ‘அவற்றையெல்லாம் தூக்கிப் போடு, இணையத்தில் விற்கும் ஒட்டுத்தாளை வாங்கி ஒட்டினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்’ என்கிறார் என் கணவர். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. மிச்சத் துண்டுகளை ஒட்டினால் பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?

8 செப்டம்பர், இரவு

ஒட்டுத்தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கல் வடிவில் உப்பியிருக்கும் நுரைத்தாள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனது. பளபளப்பான மெல்லிய தாள் பெரும்பாலும் பிவிசி. பாலிஎத்திலீன் 105 முதல் 130 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும், பிவிசி ஏறத்தாழ 80 பாகையிலேயே தளரத் தொடங்கும். சுவரை ஒட்டியிருக்கும் அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றினால், தீ சட்டியின் விளிம்பைத் தாண்டிச் சுவர்ப்பக்கம் எழும்புவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாத்திரம் கழுவும் பக்கத்துச் சுவரில் அந்தத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அடுப்புக்கு நேர் பின்னால் வேண்டாம். அதோடு, உரியும் பெயிண்டின் மேலும் எண்ணெய்ப் பிசுக்கின் மேலும் எந்தத் தாளும் நிலைக்காது. பெயிண்டையும் கூட்டிக்கொண்டுதான் கீழே வரும்.

மிச்ச டைல்ஸ் ஒன்றோடொன்று சேராது என்று கவலைப்படுகிறீர்கள். அந்தக் கவலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். என் மச்சான் டைல்ஸ் ஒட்டும் வேலையில் இருப்பவர். அவருடைய வேனில் எப்போதும் பத்து வீட்டு மிச்சம் கிடக்கும். எங்கள் வீட்டு அடுப்புச் சுவர் முழுவதும் அந்த வேனிலிருந்து இறங்கியதுதான். அந்த வேலையை அருகிலிருந்து பார்த்ததில் எனக்குப் பதிந்தது, காசைக் குறைக்க வேண்டிய இடம் டைல்ஸ் மட்டுமே என்பது. சுவரைத் தயார் செய்வதிலும், பசையிலும், இணைப்புகளை நிரப்பும் கிரௌட்டிலும் கை சுருங்கினால், கடையில் வாங்கிய புது டைல்ஸும் அடுத்த ஆண்டே அசிங்கமாகிவிடும்.

ஆகவே முதல் வேலை சுவர். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிசுக்கை ஊற வைத்துத் தேயுங்கள். பொரிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி சுவரில் படிந்து, காற்றுப் பட்டு, நாளடைவில் இறுகி வார்னிஷ் பூசியது போலாகிவிடும். ஆகவே பழைய பிசுக்கு ஒரே தேய்ப்பில் போகாது. பிறகு பெயிண்டைச் சுரண்டி எடுத்து, சிமெண்டு தெரியும்படி உளியால் ஆங்காங்கே கொத்தி விடுங்கள். பெயிண்டு மேல் டைல்ஸ் ஒட்டினால், பசை எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அந்தப் பெயிண்டின் பிடிமானம் எவ்வளவோ அவ்வளவுதான் டைல்ஸின் பிடிமானமும்.

9 செப்டம்பர்

ஒன்று விட்டுப்போயிற்று. கொத்துவதற்கு முன் சுவர் முழுவதையும் ஒரு நாணயத்தாலோ கரண்டிக் காம்பாலோ தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாகச் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த இடத்தை உடைத்தெடுத்துப் புதிதாகப் பூசிய பிறகுதான் மற்றதெல்லாம்.

11 செப்டம்பர்

கூலிமிலிருந்து எழுதும் ஒருவர், டைல்ஸை எல்லாம் சிறு துண்டுகளாக உடைத்து மொசைக் போல ஒட்டிவிட்டால் அளவுப் பிரச்சினையும் நிறப் பிரச்சினையும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்கிறார். ஜொகூர் பாருவில் இருக்கும் இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை எடுத்துக்காட்டாகவும் சொல்கிறார். அந்தக் கோயிலின் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே யாரும் சுவருக்கு இரண்டு சாண் தள்ளி நின்று மீன் பொரிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 க்கு 60 சென்டிமீட்டர் டைல்ஸை ஒட்டினால் ஒரு சதுர மீட்டரில் இணைப்புகளின் மொத்த நீளம் 5 மீட்டர். 20 க்கு 20 என்றால் 10 மீட்டர். 5 க்கு 5 சென்டிமீட்டர் துண்டுகளாக்கினால் 40 மீட்டர். அடுப்படிச் சுவரில் அழுக்குப் பிடிப்பது டைல்ஸின் முகத்தில் இல்லை, இணைப்பில்தான். டைல்ஸை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும், இணைப்பைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். எட்டு மடங்கு இணைப்பு என்றால் எட்டு மடங்கு தேய்ப்பு, அத்துடன் கிரௌட்டும் ஏறத்தாழ எட்டு மடங்கு. இந்தக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். ‘தேய்க்கப்போவது யார் என்று முதலில் கேள், அப்புறம் உடைக்கலாம்’ என்றார்.

உடைந்த துண்டுகளை வீணாக்க மனமில்லையென்றால் அவற்றுக்கும் இடம் உண்டு. சாமான் அலமாரிக்குக் கீழே, எண்ணெய் எட்டாத மேல் வரிசையில், ஒரு சாண் உயரத்துக்குப் பட்டையாக ஒட்டலாம்.

15 செப்டம்பர்

டைல்ஸ் தவிர வேறு மிச்சம் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கல் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். கெராமாட் பூலாய் பக்கம் பளிங்கு வெட்டும் தொழில் நெடுநாளாக நடக்கிறது. கல்லறுக்கும் பட்டறைகளில் ஓரத்துண்டுகளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள், தெரிந்தவர் என்றால் சும்மாவும் கொடுப்பார்கள். அந்த ஆசையில் பளிங்கை வாங்கிவந்து அடுப்புக்குப் பின்னால் ஒட்டிவிடாதீர்கள். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் அதன் பளபளப்பு அரிக்கப்பட்டு மங்கிப்போகும், எவ்வளவு துடைத்தாலும் அது திரும்பாது. ரசம் கொதிக்கும் வீட்டுக்கும் பளிங்குக்கும் பொருந்தாது.

அதைவிடப் பயனுள்ள மிச்சம் ஒன்று சமையலறைக் கேபினட் செய்பவர்களிடம் இருக்கிறது. கருங்கல் (கிரானைட்) மேடையில் சிங்க்கோ அடுப்போ பதிப்பதற்காக நடுவில் வெட்டியெடுக்கும் துண்டை அவர்கள் பெரும்பாலும் மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். அந்த ஒரே துண்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடியாவது இருக்கும். அடுப்பின் நேர் பின்னால் நிறுத்தினால் அந்த இடத்தில் இணைப்பே கிடையாது. கிரானைட்டைப் புளி ஒன்றும் செய்யாது. எண்ணெயை மட்டும் மெல்ல உறிஞ்சும், ஆகவே கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் ஒரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். 2 சென்டிமீட்டர் தடிப்புள்ள கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ வரும் என்பதால், துண்டின் அடிப்பாகம் மேடை மேல் உட்காரும்படி வையுங்கள்; எடையை மேடை தாங்கட்டும், பசை சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

அதே மூலையில் குவார்ட்ஸ் துண்டும் கிடக்கும், பார்ப்பதற்கு இன்னும் அழகாகவும் இருக்கும். அது கல்தூளைப் பிசினில் கலந்து வார்த்தது. பிசினுக்குக் கடும் வெப்பம் ஆகாது, பழுத்து நிறம் மாறிவிடும். அதைச் சிங்க் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

16 செப்டம்பர்

இன்று மலேசிய தினம், விடுமுறை, கேள்விகள் குவிந்திருக்கின்றன.

ரப்பர்ப் பால் பிடிக்கும் பழைய பீங்கான் மங்குகளை உடைத்து ஒட்டலாமா என்று தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கேட்கிறார். ஆசை புரிகிறது, எங்கள் வீட்டிலும் அம்மாவின் பீங்கான் மங்கு இரண்டு ஜன்னலில் செடியோடு இருக்கின்றன. ஆனால் மங்கின் உடைசல் எல்லாம் வளைந்திருக்கும். தட்டையான சுவரில் ஒட்டினால் நடு உப்பியும் ஓரம் அமுங்கியும் நிற்கும், துடைக்கும் துணி ஒவ்வொரு ஓரத்திலும் மாட்டும். முழு மங்காகவே வைத்து அதில் கரண்டிகளைப் போட்டு வையுங்கள்.

இன்னொருவர் ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஆத்தங்குடிக் கற்களை எடுத்துவரலாமா என்று கேட்கிறார். அவை சூளையில் சுடாமல், கண்ணாடி மேல் வார்த்துச் செய்யும் சிமெண்டுக் கற்கள். மேலே மெருகு இல்லாததால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கும். தரைக்கு அவை அரசர்கள், அடுப்புச் சுவருக்கு ஆகாதவை. எட்டு அங்குலக் கற்கள் ஒரு சதுர மீட்டருக்கு 25 தேவைப்படும், எடை 40 கிலோவைத் தாண்டும். விமானப் பெட்டியில் அதைக் கொண்டுவந்தால் பிறகு அது மிச்சப் பொருள் ஆகாது.

மூன்றாவது கேள்விக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை. இடித்த லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) எடுத்த தட்டையான சாம்பல் நிறப் பலகை சிலரிடம் இருக்கிறது, தீப்பிடிக்காது என்பதால் அதை வெட்டி அடுப்புக்குப் பின்னால் வைக்கலாமா என்கிறார் ஒருவர். பழைய கட்டடத்துப் பலகை என்றால் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வெட்டாதீர்கள், துளையிடாதீர்கள், உடைக்காதீர்கள். சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

22 செப்டம்பர்

கேள்வி கேட்ட தங்கை தம் வீட்டில் கிடக்கும் டைல்ஸைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். வெள்ளையில் 20 க்கு 20 கொஞ்சம், இளம்பழுப்பில் 30 க்கு 60 ஏழு, தரைக்கான 60 க்கு 60 இரண்டு. அவருடைய மேடை எட்டு அடி நீளம். இரண்டு அடி உயரத்துக்கு ஒட்டினால் 16 சதுர அடி. 60 க்கு 60 டைல்ஸ் ஒரு பெட்டியில் நான்கு இருக்கும், 30 க்கு 60 என்றால் எட்டு; இரண்டிலும் பெட்டிக்கு 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. அதாவது அவருடைய சுவர் ஏறத்தாழ ஒரே ஒரு பெட்டியின் அளவு. யார் வீட்டு வேலையிலும் வெட்டுச் சேதத்துக்கென்று ஒரு பெட்டி கூடுதலாக வாங்குவார்கள், அது பிரிக்கப்படாமலே மூலையில் இருக்கும். அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே ஒரே நிறத்தில் ஒரு சுவருக்கு வேண்டியது கிடைத்துவிடலாம். அப்படிப் பெட்டி கிடைத்தால் அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நிறக் குறியீட்டையும் அளவுக் குறியீட்டையும் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயர் இருந்தாலும் வேறு வேறு சூட்டில் வெந்தவை நிறத்தில் கொஞ்சம், அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகும்.

கலந்து ஒட்டத்தான் வேண்டும் என்றால் தடிப்பைக் கவனியுங்கள். சின்ன சுவர் டைல்ஸ் 6, 7 மில்லிமீட்டர் இருக்கும். தரை டைல்ஸ் 9, 10 வரை போகும். இரண்டையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றி ஒட்டினால் சுவர் மேடும் பள்ளமுமாகி, மேட்டின் விளிம்பு முழுவதும் பிசுக்கு உட்காரும். தடிப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பட்டையாக வையுங்கள். பெரியவை அடுப்புக்குப் பின்னால். நடுத்தரமானவை அதன் இருபுறமும். வெள்ளைச் சின்னவை சிங்க் பக்கம். தடிப்பு மாறும் இடத்தில் மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றைச் செங்குத்தாக வைத்துவிட்டால் கண்ணுக்கு அது வேண்டுமென்றே செய்தது போலத் தெரியும். சிரிப்பார்களோ என்ற கேள்விக்கும் அதில்தான் விடை இருக்கிறது. மூன்று நிறம் பட்டை பட்டையாக நின்றால் அதைத் திட்டம் என்பார்கள். ஆங்காங்கே சிதறினால்தான் மிச்சம் என்பார்கள்.

பசை கலக்கும் முன் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கவிழ்த்து, முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். குளியலறைச் சுவருக்கான டைல்ஸ் என்றால் சொட்டு உடனே பரவி, கருத்து, உள்ளே போய்விடும். தரைக்கான போர்சலினில் அது முத்தாக அப்படியே நிற்கும். முதல் வகையைப் பழைய கொத்தனார்கள் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு வெறும் சிமெண்டுப் பாலிலேயே ஒட்டிவிடுவார்கள், நின்றும்விடும். போர்சலின் நீரை உறிஞ்சுவது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. சிமெண்டுப் பால் அதன் முதுகில் வேர் பிடிக்காது, சில மாதங்களில் முழுசாகக் கழன்று மேடை மேல் விழும். அதற்குப் பாலிமர் கலந்த டைல் பசைதான் வேண்டும். பல் வைத்த கரண்டியால் சுவரில் இழுத்து, டைல்ஸை அழுத்தியபின் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்குள் முடிந்துவிடும். தங்கையின் சுவருக்கு ஒரு மூட்டையில் பாதிகூடத் தேவைப்படாது.

23 செப்டம்பர்

போர்சலினை வெட்டும் போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள். அந்த வெள்ளைத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் போய்த் தங்கிவிடும். மச்சான் இன்னமும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறார். நான் சொன்னால் சிரிப்பார்.

மின் இணைப்புப் பெட்டி பற்றியும் ஒரு சொல். பழைய டைல்ஸ் மேலேயே புதிதை ஒட்டினால் சுவர் ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் வந்துவிடும், சாக்கெட்டின் பழைய திருகாணி எட்டாது. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு மூடியைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதற்குப் பதிவு பெற்ற வையர்மேனைக் கூப்பிடுங்கள். 230 வோல்ட்டில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

29 செப்டம்பர்

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தபோது, எல்லோருக்கும் சொந்த வீடு இருப்பதாக நினைத்துக்கொண்டே எழுதியிருப்பது தெரிந்தது. பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். (2007 இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் அவர் பழைய பெயரைத்தான் எழுதுகிறார்; நானும் அப்படியே வைக்கிறேன்.) வாடகை வீடு, சுவரைக் கொத்த வீட்டுக்காரர் விடமாட்டார், என்ன செய்வது என்கிறார்.

அவருக்கு எவர்சில்வர் தகடுதான் சரி. சாப்பாட்டுக் கடைகளுக்கு மேசையும் தள்ளுவண்டியும் செய்து கொடுக்கும் பட்டறைகளில் மீந்த தகடு கிடைக்கும். ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். 430 ரகத்தில் காந்தம் ஒட்டும், 304 ரகத்தில் ஏறத்தாழ ஒட்டவே ஒட்டாது; உப்பும் புளியும் தெறிக்கும் இடத்துக்கு 304 நல்லது. நான்கு ஓரத்தையும் உள்பக்கமாக மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துடைக்கும்போது விரல் கிழியும். அடிவிளிம்பை மேடை மேல் நிறுத்தி, மேலே இரண்டு திருகாணியில் மாட்டினால் போதும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். சாக்கெட் இருக்கும் பகுதிக்கு மட்டும் தகட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

லயத்து வீட்டில் எங்கள் பாட்டி செய்ததும் இதைத்தான். மண்ணெண்ணெய் டின்னைப் பிளந்து, சுத்தியால் தட்டி நிமிர்த்தி, விறகடுப்புக்குப் பின்னால் பலகைச் சுவரில் ஆணி அடித்திருந்தார். டின் கருத்துத் துருப்பிடித்ததும் அடுத்த டின். அதற்காக அவர் தனியாக எதையும் வாங்கியதாக அம்மாவுக்கு நினைவில்லை.

இதை யோசிக்க யோசிக்க, டைல்ஸ் ஒட்டுபவர்களும்கூட அடுப்புக்கு நேர் பின்னால் இரண்டு அடி அகலத்துக்கு மட்டும் ஒற்றைத் தகட்டையோ ஒற்றைக் கல்லையோ வைத்துவிட்டு, மற்ற இடத்துக்குச் சேராத டைல்ஸை வைத்துக்கொள்வது மேல் என்று எனக்கு இப்போது படுகிறது. 22 ஆம் தேதி சொன்ன பட்டை முறை அப்படியே இருக்கட்டும், நடுப்பட்டை மட்டும் மாறும்.

பழைய கடைப் பெயர்ப்பலகையின் அலுமினியப் பலகையைத் தகட்டுக்குப் பதிலாக வைக்கலாமா என்று உடனே யாராவது கேட்பீர்கள். அந்தப் பலகையில் மேலும் கீழும் மட்டும்தான் அலுமினியம். சாதாரண ரகத்தில் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன். 2017 இல் லண்டனில் கிரென்ஃபெல் கோபுரத் தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அப்படிப்பட்ட பலகைகள்தாம் முதன்மைக் காரணம். வேண்டாம்.

நாக்கோ ஜன்னல் (பட்டை பட்டையாகச் சாய்த்துத் திறப்பது) கண்ணாடிகளைக் கேட்டவருக்கு: பின்பக்கம் பெயிண்டு அடித்துச் சிங்க் பக்கம் ஒட்டினால் அழகாகத்தான் இருக்கும். அடுப்புக்குப் பின்னால் வைத்தால் பதப்படுத்தாத கண்ணாடி சூடு ஏறி இறங்குவதில் விரிசல் விடும். பதப்படுத்திய கண்ணாடியோ வெட்டினால் மொத்தமும் நொறுங்கிவிடும், ஆகவே அதில் மிச்சத் துண்டு என்று ஒன்று அளவுக்குக் கிடைப்பது அபூர்வம்.

13 அக்டோபர்

தங்கை ஒட்டி முடித்துவிட்டார். நடுவில் கிரானைட் துண்டு, இருபுறமும் இளம்பழுப்பு, சிங்க் பக்கம் வெள்ளை. கொத்தும் வேலையைக் கணவரே செய்தாராம். இப்போது வருபவர்களிடம் எல்லாம் யோசனையும் தம்முடையதே என்கிறாராம். இன்னும் கிரௌட் போடவில்லை, வெள்ளையா சாம்பலா என்று கேட்கிறார்.

வெள்ளை வேண்டாம். சிமெண்டு கிரௌட் நுண்துளை உள்ளது, மஞ்சளின் நிறம் அதில் இறங்கிவிடும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பது நமக்குத் தெரியும். சிமெண்டும் காரத்தன்மை உள்ளதுதான், ஆகவே புதிதாகப் போட்ட வெள்ளை கிரௌட்டில் குழம்பு தெறித்தால் அந்த இடம் செம்பழுப்பாகிவிடும். கறையைப் போக்க எலுமிச்சையும் வினிகரும் போட்டுத் தேய்ப்பார்கள். அமிலம் கறையோடு சேர்த்துக் கிரௌட்டையும் அரித்து, அடுத்த கறை இன்னும் ஆழமாக இறங்க வழி செய்து கொடுக்கும். குளோராக்ஸ் போன்ற வெளுப்பானையும் வினிகரையும் ஒன்றாக ஒருபோதும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மஞ்சள் கறைக்கு நல்ல மருந்து வெயில்தான், அந்த நிறம் வெளிச்சத்தில் தானே மங்கும். ஆனால் சமையலறை ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

நடுத்தரச் சாம்பல் நிறத்தை எடுங்கள். மூன்று வகை டைல்ஸுக்கும் ஒரே கிரௌட் நிறம் போட்டால் அவை ஒன்றையொன்று சேர்ந்தவையாகவும் தெரியும். இணைப்பு 3 மில்லிமீட்டருக்குள் என்றால் மணல் கலக்காத ரகம். கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால், கிரானைட்டைச் சுற்றியுள்ள ஒற்றை இணைப்புக்கு மட்டும் எபாக்சி கிரௌட் (சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆனது). அது எதையும் உறிஞ்சாது. விலை கூடுதல், கலந்தால் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கையும் வேகமாக ஓட வேண்டும். பக்கத்து வீட்டிலும் வேலை நடந்தால் ஒரு டின்னைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

14 அக்டோபர்

மேடையும் சுவரும் சந்திக்கும் மூலைக்கு கிரௌட் போடாதீர்கள். மேடை ஒரு பக்கம் அசையும், சுவர் அசையாது; சிமெண்டு கிரௌட் அங்கே விரிசல் விட்டு, தண்ணீர் கேபினட்டுக்குள் இறங்கும். பூஞ்சை பிடிக்காத சிலிகோனை ஒரே கோடாக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் தொட்ட விரலால் ஒரு முறை வழித்துவிடுங்கள். இரண்டாம் முறை தொட்டால் கெட்டுவிடும்.

கிரௌட் போட்ட பிறகு சில நாள் பொரிக்காமல் இருங்கள். தீபாவளி 31 ஆம் தேதி வருகிறது, முறுக்குச் சட்டி அதற்கு ஒரு வாரம் முன்பே ஏறிவிடும் என்பதால் இந்த வார இறுதிக்குள் முடித்துவிடுவது உத்தமம்.

10 நவம்பர்

தீபாவளி முடிந்தது. எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தையும் முறுக்கு, அதிரசம், பிறகு உறவினர்கள் வந்த நாளில் கோழிப் பொரியல் என்று ஒரு வாரம் அடுப்பை அணைக்கவில்லை. எங்கள் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் கிரானைட்டில் பிசுக்கு ஒன்றும் நிற்கவில்லை. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்ததும் போயிற்று. அதன் வலது பக்கத்தில், மச்சான் சிறு துண்டுகளை வைத்து நிரப்பிய அரை அடி இடத்தில்தான் இணைப்புகள் மஞ்சளாக நிற்கின்றன. அம்மா அதைக் காட்டி ஒன்றும் சொல்லவில்லை, பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார்.

தங்கையும் படம் போட்டிருக்கிறார், சுவர் நன்றாகவே நிற்கிறது. பசை, கிரௌட், சிலிகோன், கிரானைட் சீலர், அலுமினியப் பட்டை எல்லாம் சேர்த்து 150 வெள்ளிக்குள் முடிந்துவிட்டதாம். டைல்ஸுக்கும் கல்லுக்கும் ஒரு காசும் கொடுக்கவில்லை. வெட்டுக் கருவியை என் மச்சானிடம் இரவல் வாங்கிக்கொண்டார். அதை வாடகைக்கு எடுத்திருந்தால் கணக்கு மாறியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவரிடம் அரை மூட்டைப் பசை மீந்திருக்கிறது. வாயைக் கட்டி வைத்தாலும் திறந்த மூட்டை நம் ஊர் ஈரத்தில் கட்டி பிடித்துவிடும், கட்டியை உடைத்துத் தண்ணீரில் கலக்கிப் பயன்படுத்துவதில் அர்த்தமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது ஒரு சுவர் பாக்கி இருந்தால் இந்த வாரத்துக்குள் கேளுங்கள். வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.